கையில், தோளில், கொடியில்: ஒரு மாணவர் பாப் பாடலுக்கு இடமும் பொருளும் உடையும் அமைந்த விதம்

மதுரையில் ஒரு கல்லூரியின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் பாடம் நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் குழுவாகச் சேர்ந்து சொந்தப் பாட்டு ஒன்றை எழுதி, இசையமைத்து, அதற்கு வீடியோவும் எடுக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதி வீடியோவுக்கு. மீதிப் பாதி, படப்பிடிப்புக்கு முன் அவர்கள் தயாரிக்கும் திட்டக் கோப்புக்கு. எந்த இடம், எந்தப் பொருள், எந்த உடை, ஏன் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். ஆறு பேர் கொண்ட ஒரு குழு இந்தக் கோப்பை எப்படித் தயாரித்தது, படப்பிடிப்பில் அது எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்து வருகிற பிள்ளைகளுக்கும், இதையே பாடமாக நடத்துகிற நண்பர்களுக்கும் பயன்படும்.

பாட்டு 3 நிமிடம் 42 நொடி. கடைசி பஸ்ஸில் வீடு திரும்பும் ஒரு பெண்ணும், அவள் வரும்வரை விழித்திருக்கும் பாட்டியும்தான் கரு. பல்லவி, இரண்டு சரணம், நடுவே ஒரு இடையிசை, கடைசியில் பல்லவி இருமுறை. பாடகி ஒருத்தி, கிட்டார், கீபோர்டு, கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி மேளம்) வாசிக்க மூன்று பேர், கேமராவுக்கு ஒருவர், மற்ற எல்லாவற்றுக்கும் ஒருவர்.

முதல் கோப்பு

முதலில் வந்த கோப்பில் மூன்று இடங்கள் இருந்தன. கொடைக்கானல் பைன் காடு, தனுஷ்கோடி, திருமலை நாயக்கர் மகால். பொருள் என்று கலர் புகைக்குண்டும் வாடகைக்கு ஒரு பழைய காரும். உடை என்று கறுப்பு ஜாக்கெட்டும் ஸ்னீக்கரும்.

படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. நான்கு பக்கத்துக்குப் படம் வரைந்து, நிறத்துண்டுகள் ஒட்டி, ரெஃபரன்ஸ் படங்கள் சேர்த்து உழைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கும் பைன் காட்டுக்கும் என்ன உறவு? அவள் ஏறிய பஸ் தனுஷ்கோடிக்கா போகிறது? பாட்டை மியூட் செய்துவிட்டு இந்தத் திட்டத்தை வேறு எந்தப் பாட்டுக்கும் பொருத்திவிடலாம். அதைத்தான் அவர்களிடம் சொன்னேன்.

மகாலைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருந்தது. 1636இல் கட்டிய மாளிகை, அந்த வெண்தூண்கள், வளைவுகள் எல்லாம் கேமராவைக் கூப்பிடும். மதுரைப் பிள்ளைகளுக்கு அதன் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் அது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். ட்ரைபாட் வைத்துப் படமெடுக்க முன்னனுமதியும் கட்டணமும் வேண்டும். அனுமதி கேட்டு எழுதி, பதில் வந்து, தேதி அமைவதற்குள் செமஸ்டர் தேர்வு வந்துவிடும். அதையும் தாண்டினால் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் மதுரை நகருக்குள் ஸ்டாண்டு விரிக்க இடம் கிடைக்காது. ஆகவே மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது முதல் நாளே முடிவாயிற்று. மாணவர் திட்டத்தில் தேதிதான் முதல் லொகேஷன் என்று நான் அடிக்கடி சொல்வேன். எந்த இடம் கிடைக்கும் என்பதை அதுவே பாதி தீர்மானித்துவிடுகிறது.

மாடிக்குப் போன நாள்

கிட்டார் வாசிக்கும் மாணவனின் பாட்டி வீடு மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. சௌராஷ்டிரக் குடும்பம். மொட்டை மாடியில் பேண்டு நின்று வாசிக்கும் ஷாட்டுகளை எடுக்கலாமா என்று பார்க்கத்தான் போனோம். மாடிக்கு ஏறுகிற படிக்குக் கீழே, வாசல் வெளிச்சத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளை மல் துணி. இடது கை விரல் நகத்தால் துணியை ஒரு கடுகளவு கிள்ளித் தூக்குகிறார், வலது கையிலிருக்கும் நூலை அதன் மேல் சுற்றி இறுக்குகிறார், அடுத்த புள்ளிக்குப் போகிறார். நூலை அறுப்பதே இல்லை. எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார், கை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சுங்குடி. முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயம் நனைத்துக் காயவைத்து முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி வரும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும் இன்று கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சோ பிரிண்டோதான். கையால் கட்டியதில் எந்த இரண்டு புள்ளியும் ஒரே மாதிரி இருக்காது. அவிழ்த்த துணியில் ஒவ்வொரு புள்ளியும் சின்னக் கூம்பாக மேலெழுந்து நிற்கும்.

பாடகி பாட்டியிடம் கேட்டாள்: “இவன் லேட்டா வந்தா தூங்கிடுவீங்களா பாட்டி?”

“தூங்கறதா? வர்ற வரைக்கும் கட்டிண்டிருப்பேன். எத்தனை வரிசை ஆயிருக்குன்னு பார்த்தா இவன் எத்தனை மணிக்கு வந்தான்னு தெரிஞ்சுடும்.”

அன்றே பல்லவியின் கடைசி அடியை மாற்றி எழுதினார்கள்: “நீ வர்ற வரைக்கும் ஒரு முடிச்சு.” இடம் பார்க்கப் போனவர்கள் பொருளைக் கண்டுபிடித்தார்கள், அந்தப் பொருள் பாட்டைத் திருத்தியது. ப்ராப்பர்ட்டி லிஸ்டை, அதாவது காட்சியில் வரும் பொருள்களின் பட்டியலை, வகுப்பறையில் உட்கார்ந்து எழுதாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். லொகேஷனில் ஏற்கனவே இருப்பது என்ன, அங்கே வாழ்கிறவர் கை எதைத் தொடுகிறது என்பதைப் பார்த்தபின் எழுதுங்கள்.

மகால் என்ன ஆயிற்று? மாடியிலிருந்து பார்த்தால் அதன் கூரை விளிம்பு தெரிகிறது. இரண்டு ஷாட்டில் பின்னணியில் வருகிறது. அந்த வீட்டுக்கு மகாலோடு எவ்வளவு உறவு உண்டோ அவ்வளவு போதும்.

மூன்று பட்டியல், ஒரே துணி

இடம், பொருள், உடை என்று மூன்று தலைப்பில் மூன்று பட்டியல் போடுவதுதான் வழக்கம். மூன்று பேர் பிரித்துக்கொண்டு தனித்தனியாக எழுதிக் கடைசி நாளில் ஒட்டுவார்கள். இந்தக் குழுவை அப்படிச் செய்ய விடவில்லை. காரணம் அந்தத் துணி. பாட்டி கையில் இருக்கும்போது அது ப்ராப்பர்ட்டி. அதே துணி சாயம் ஏறி, ஷாலாகிப் பாடகி தோளில் விழும்போது காஸ்ட்யூம். கடைசிப் பல்லவியில் மாடிக் கொடி முழுவதும் சுங்குடித் துணிகள் தொங்க, பேண்டு அவற்றின் நடுவில் வாசிக்கும்போது அதுவே செட். ஒரே பொருள் கையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கொடிக்கும் போகிறது. இந்தப் பயணம் புரிந்ததும் மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்தே வந்தன. கறுப்பு ஜாக்கெட்டை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவர்களே அடித்துவிட்டார்கள்.

பாட்டை நொடிக்கணக்கில் பிரித்து ஒரே அட்டவணை போட்டோம். எந்த வரி, எந்த இடம், நாளில் எந்த நேரம், யார் இருக்கிறார்கள், கையில் என்ன, உடம்பில் என்ன, யார் கொண்டுவர வேண்டும். இவற்றோடு இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: “இது எத்தனை தடவை நடக்கும்?” டம்ளரில் காபி ஊற்றுவது எத்தனை தடவையும் நடக்கும். முடிச்சு அவிழ்வது ஒரு துணிக்கு ஒரே ஒரு தடவை. அவிழ்ந்தால் அவிழ்ந்ததுதான், ஒன்மோர் கேட்க முடியாது.

எனவே துணிக்கணக்கு போட்டோம். பாட்டி கையில் கட்டிக்கொண்டிருக்க வெள்ளைத் துணி ஒன்று. பஸ்ஸில் பாடகி போட்டிருக்க, சாயம் ஏறி அவிழ்த்த ஷால் ஒன்று. கடைசிப் பல்லவியில் பாட்டியும், பேத்தியாக நடிக்கும் பாடகியும் இருபுறம் பிடித்து இழுத்து அவிழ்க்க இரண்டு. ஆக நான்கு. நான்கையும் முழுக்கக் கட்டினால் மாதக்கணக்கில் ஆகும். கேமரா பார்க்கப்போவது நடுப்பகுதியைத்தான் என்பதால் நடுவில் மட்டும் நெருக்கமாகவும் ஓரங்களில் தள்ளித் தள்ளியும் கட்டலாம் என்று பாட்டியே யோசனை சொன்னார்.

பாட்டியும் பக்கத்து வீட்டு அம்மாக்கள் இருவரும் கட்டினார்கள். பேரன் படிப்புக்குத்தானே, காசு எதற்கு என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அது வேலை. கண்ணை வருத்தி, முதுகை வளைத்துச் செய்கிற வேலை. வெளியில் கட்டினால் என்ன கூலியோ அதற்குக் குறையாமல் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதச் சொன்னேன். பாடல் வீடியோவின் முடிவில் மூன்று பேர் பெயரும் வருகிறது, அவர்கள் சம்மதத்தோடு.

நிறமும் வியர்வையும்

ஷால் அரக்கு நிறம். மாடிக் கைப்பிடிச் சுவர் வெளிறிப்போன நீலச் சுண்ணாம்பு. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதால் ஒரு விதி வைத்தார்கள்: ஃபிரேமில் அரக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். கொடியில் தொங்கப்போட அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய எட்டுப் புடவைகளில் மஞ்சள், இலைப் பச்சை, கருநீலம் மட்டும் எடுத்தோம். ஒரு அம்மா ஆசையாகக் கொடுத்த சிவப்புப் புடவையை மட்டும் பட்டென்று மறுக்க மனமில்லாமல் விளக்கம் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

பேண்டுப் பையன்களுக்கு வெள்ளைச் சட்டை என்று எழுதியிருந்தார்கள். காலை வெயிலில் வெள்ளைச் சட்டையும் மாநிற முகமும் ஒரே ஃபிரேமில் வந்தால் கேமரா தடுமாறும். முகத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு) வைத்தால் சட்டை எரிந்து மடிப்பே தெரியாமல் போகும், சட்டைக்கு வைத்தால் முகம் இருளும். பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரு அண்டா தண்ணீரில் டீத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, பருத்திச் சட்டையை அரைமணி நேரம் ஊறவைத்து அலசினால் வெள்ளை இறங்கிச் சந்தனத்துக்குப் பக்கமாக வந்துவிடும். ஹாஸ்டல் சமையற்கூடத்தில் மூன்று சட்டைகளை அப்படி ஊறவைத்தோம். பாலியெஸ்டர் கலந்த ஒரு சட்டையில் சாயம் பிடிக்கவில்லை, அதை மாற்ற வேண்டியிருந்தது. துணி முழுப் பருத்தியா என்று முதலில் லேபிளைப் பாருங்கள்.

கஹோன் வாசிப்பவன் பொடிக் கட்டம் போட்ட சட்டை கொண்டுவந்தான். நேரில் அழகாக இருந்தது. கேமரா மானிட்டரில் கட்டங்கள் அலை அலையாக நெளிந்தன. பொடிக் கட்டத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் இந்தக் குறை உண்டு. சாம்பல் டீஷர்ட்டும் கழன்றது. மதுரை வெயிலில் சாம்பல் நிறம்தான் வியர்வையை அதிகம் காட்டிக்கொடுக்கும், அக்குளில் ஒரு வட்டம் விழுந்தால் அடுத்த ஷாட்டோடு ஒட்டாது. எல்லா உடையையும் போட்டுப் பார்த்து, போனில் படமெடுத்து, கையை முழுக்க நீட்டித் தள்ளி வைத்துப் பார்க்கச் சொன்னேன். இந்தப் பாட்டைப் பார்க்கப்போகிறவர்கள் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார்கள். கைத்தொலைவில் தெரியாத பொருளுக்கும் உடை நுணுக்கத்துக்கும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பாடகிக்கு மேக்கப் என்று வந்தபோது, தோழி ஒருத்தி இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷன் வாங்கி வந்துவிட்டாள். கெட்ட எண்ணமில்லை, அழகாகக் காட்ட வேண்டும் என்ற பாசம்தான். ஆனால் அதை அனுமதிக்கவில்லை. அந்தப் பெண்ணின் நிறம் அந்தப் பாட்டுக்காரியின் நிறம். லைட்டைச் சரியாக வையுங்கள், எண்ணெய்ப் பளபளப்பை ஒற்றி எடுங்கள், போதும் என்றேன். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பாட்டியின் அறை

பாட்டிக்குப் பட்டுப்புடவை கட்டிவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. வெளுத்துப்போன அவருடைய பருத்திப் புடவைதான் சரி என்று பாடகியே சொன்னாள். அறையைப் பெயின்ட் அடிக்கவும் இல்லை. வாழ்கிற வீட்டைச் சுத்தமாக்கினால் செட் போட்ட வீடு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் இரண்டு பொருள்கள் எங்களைப் பாடாய்ப்படுத்தின. ஒன்று சுவர்க்கடிகாரம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே படம் எடுக்கிறோம், கதையில் ஒரே இரவு. பேட்டரியைக் கழற்றிப் பத்தேமுக்காலில் நிறுத்திவைத்தோம். மற்றது நாள்காட்டி, தினம் ஒரு தாள் கிழிப்பது. தேதி பெரிய எழுத்தில் பளிச்சென்று தெரிகிறது, மேலே ஒரு நகைக்கடை விளம்பரம். எடுத்துவிடலாம் என்று எடுத்தால், சுவரில் அது தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாக நின்றது. நாள்காட்டியைவிட அந்தச் சதுரம் கண்ணை உறுத்தியது. திரும்ப மாட்டி, அதே ஆணியில் பாட்டியின் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். இரண்டு நாளும் துண்டின் மடிப்பு மாறாமல் இருக்க, கண்டினியூட்டி பார்க்கும் மாணவி ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் பின்னும் போனில் படமெடுத்து வைத்தாள்.

அறையில் டியூப்லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து, ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் பிரச்சினை இல்லை. ஸ்லோமோஷன் ஆசையில் 120 ஃபிரேமுக்குப் போனவர்களுக்குச் சுவரெல்லாம் படபடவென்று துடித்தது. லொகேஷன் பார்க்கப் போகும்போதே அங்குள்ள லைட்டில் பத்து நொடி எடுத்துப் பாருங்கள் என்று கோப்பில் ஒரு வரி சேர்த்தோம்.

அயர்ன் பெட்டி

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பு, பஸ்ஸில் போட வேண்டிய ஷாலை ஒருவன் வீட்டுக்கு எடுத்துப்போய் அயர்ன் செய்து, அழகாக மடித்துக் கொண்டுவந்தான். காஸ்ட்யூம் என்றால் அயர்ன் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாமலே பொறுப்பாகச் செய்தான். துணியை விரித்தபோது எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். கூம்புகள் ஒன்றுகூட இல்லை. வெள்ளைப் புள்ளிகள் தட்டையாகக் கிடந்தன. க்ளோஸப்பில் வைத்துப் பார்த்தால் பிரிண்ட் துணிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. மூன்று பெண்கள் கட்டிய முடிச்சுகள் ஐந்து நிமிடச் சூட்டில் மறைந்துவிட்டன.

அவனைத் திட்ட எதுவும் இல்லை. “அயர்ன் செய்யக்கூடாது” என்று அட்டவணையில் எழுதாதது எங்கள் தவறு. நனைத்து, முறுக்கி, கயிறு மாதிரிக் கட்டிக் காயவைத்துப் பார்த்தோம். சுருக்கம் வந்தது, கூம்பு வரவில்லை. பாட்டியிடம் போய் நின்றோம். அவர் பார்த்துவிட்டு, “போனது போனதுதான். அவுக்காம ரெண்டு வச்சிருக்கேளே, அதுல ஒண்ணை எடுத்துக்குங்கோ” என்றார்.

எடுத்தால் கடைசிப் பல்லவிக்கு ஒரே ஒரு டேக்தான் மிஞ்சும். மாணவர்கள் ஒரு மணி நேரம் வாதம் செய்தார்கள். பிறகு கேமரா பிடிக்கும் பையன் சொன்னான்: “மேம், பஸ்ஸை வெள்ளிக்கிழமை எடுக்காம சனிக்கிழமை ராத்திரிக்கு மாத்தலாம். காலையில மாடியில முதல் டேக் சரியா வந்துட்டா அந்தத் துணியையே பஸ்ஸுக்குப் போட்டுக்கலாம். சொதப்பிட்டாலும் துணி அவுந்துதானே இருக்கும்? அதையே போட்டுக்கலாம்.”

எவ்வளவு நல்ல யோசனை! முடிவுக் காட்சியை முதலில் எடுத்துவிட்டால், தோற்றுப்போன டேக்கின் துணியும் வீணாகாது. இடம், பொருள், உடை மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்திருந்ததால்தான் அவனுக்கு அது தோன்றியது. தனித்தனிப் பட்டியலாக இருந்திருந்தால், மாடியின் ப்ராப்பர்ட்டியைப் பஸ்ஸின் காஸ்ட்யூமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை

ஆறரைக்கு முன்பே விடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வெயில் மாடிக்கு வர ஆறு ஐம்பது. எட்டேகால் வரை நல்ல வெளிச்சம், அதற்குமேல் கண்ணுக்குக் கீழே நிழல் விழ ஆரம்பிக்கும். இதையும் ஒரு வாரம் முன்பே மாடியில் நின்று குறித்திருந்தோம். புடவைகள் காற்றில் பறந்து முகத்தை மறைக்காமலிருக்க ஒவ்வொன்றின் கீழோரத்திலும் உள்பக்கமாகத் துணிக் கிளிப்புகள் மாட்டினோம். எடை கூடியதும் அவை பறப்பதை விட்டு மெல்ல ஆடின.

முடிச்சு அவிழ்வதை ஸ்லோமோஷனில் காட்ட நொடிக்கு 50 ஃபிரேம். அதைப் பாதி வேகத்தில் ஓட்டும்போதும் பாடகியின் உதடு பாட்டோடு சேர வேண்டுமென்றால், படமெடுக்கும்போது பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஸ்பீக்கரில் போட்டு அதற்கு உதடசைக்க வேண்டும். ஒரு வாரமாக அவள் வீட்டில் பயிற்சி செய்திருந்தாள்.

முதல் டேக் தோற்றது. ஓடுகிற பாட்டுக்கு உதடசைப்பதிலேயே அவள் கவனம் போய்விட, கை துணியை மெதுவாக இழுத்தது. முடிச்சுகள் பாதி அவிழ்ந்து பாதி நின்றுவிட்டன, கேமராவும் துணியை விட்டு முகத்தைத் தேடிப் போய்விட்டது. ஒரே தடவை நடக்கும் பொருளையும் லிப்சிங்கையும் ஒருவர் தலையில் ஒரே நேரத்தில் வைக்கக்கூடாது என்று அங்கேதான் கற்றுக்கொண்டோம். திட்டத்தைப் பார்த்தபோதே எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பாட்டி பாடகிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். துணியை நேராகப் பிடித்து இழுக்காதே, குறுக்காகப் பிடி, தயங்காமல் ஒரே வெட்டாக இழு என்று கைகளைப் பிடித்துக் காட்டினார். பாட்டை நிறுத்திவிட்டோம். உதடசைப்பு இல்லை, ஃபோகஸ் துணியில் பூட்டியாயிற்று.

ஒன்று, இரண்டு, மூன்று. வறட்டுச் சுள்ளி எரிகிற மாதிரிப் படபடவென்று ஒரு சத்தம். நூல் துணுக்குகள் வெயிலில் எழும்பின. அரக்குப் பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடி விரிந்தன. பாடகி சிரித்துவிட்டாள். திட்டத்தில் அது இல்லை, ஆனால் வீடியோவில் இருக்கிறது. அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. கேமரா மைக்கில் விழுந்ததைத்தான் எடிட்டில் கடைசிப் பல்லவிக்கு முன் அரை நொடி பயன்படுத்தினார்கள். பொருளுக்குச் சத்தமும் உண்டு என்று இப்போது அட்டவணையில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது.

நின்ற பஸ்ஸில் ஒரு பயணம்

அரசுப் பேருந்தில் படமெடுக்க அனுமதி, செலவு இரண்டும் மாணவர்களுக்கு எட்டாது. ஓடுகிற பஸ்ஸில் லைட் கட்டுவது ஆபத்தும்கூட. கல்லூரி மினி பஸ்ஸை மைதானத்தில் நிறுத்தியே எடுத்தோம். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்கினோம். பஸ்ஸுக்கு வெளியே இரண்டு பேர் ஆளுக்கொரு லைட்டைத் தோளுயரத்தில் பிடித்து, முன்னிருந்து பின்னாக நடந்தார்கள். தெருவிளக்குகள் கடந்துபோகிற மாதிரி பாடகி முகத்தில் வெளிச்சம் விழுந்து விலகியது. ஒருவர் பின்படியில் ஏறி இறங்கி வண்டியை லேசாகக் குலுக்கினார். கண்ணாடியில் கேமராவின் பிரதிபலிப்பு தெரியாமலிருக்க, கேமராக்காரர் மேல் கறுப்பு வேட்டி. ஜன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் மழைத்துளி.

பஸ்ஸில் பொருள்கள் மிகக் குறைவு: டிபன் பை, சில்லறை, கசங்கிய டிக்கெட், போன். போன் திரையின் வெளிச்சம் முகத்தில் விழுவதே ஒரு லைட்டாகப் பயன்பட்டது.

ஷால் புதுச் சாயம். ஈரம் பட்டால் நிறம் இறங்கும் என்று தெரியும். அலசினால் கூம்பு தளர்ந்துவிடும் என்பதால் தெரிந்தே அலசாமல் விட்டோம். கண்ணாடி மூடியே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று யாரோ கண்ணாடியை நான்கு விரல் திறந்துவிட்டார்கள். அடுத்த தெளிப்பு உள்ளே வந்து தோளில் விழுந்தது. சந்தன நிற டாப்பில் அரக்குச் சாயம் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியது. மாற்று டாப் இல்லை. பாடகிக்கு இரட்டை செட் வாங்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் பணம் போதாமல் அடித்த வரி அது. மீதமிருந்த நான்கு ஷாட்டுகளையும் அவள் மறுதோள் தெரியும்படி இருக்கையை மாற்றி எடுத்தோம். பின்னணி ஜன்னல் மாறியது உற்றுப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

கணக்கு

ஆறு பேர் தலைக்கு 1,500 ரூபாய் போட்டு 9,000 திரட்டினார்கள். முடிச்சுக் கூலி 2,400. துணி, நூல், சாயம் 1,400. லைட் வாடகை 1,800. மினி பஸ் டீசல், டிரைவர் பேட்டா 1,500. சாப்பாடு, டீத்தூள், டேப், குப்பி, கிளிப் எல்லாம் சேர்த்து 1,300. மொத்தம் 8,400. மிஞ்சிய 600 ரூபாயில் மாற்று டாப் ஒன்று வாங்கியிருக்கலாம். அந்த வரியை அடிக்கச் சொன்னது நான்தான், அவசரத்துக்குப் பணம் இருக்கட்டும் என்று. பாடகி வியர்வை சிந்தி, தண்ணீர் படுகிற காட்சியில் நடிக்கும்போது இரண்டாவது உடைதான் அவசரத்துக்கான பணம்.

படம் முடிந்ததும் இரவல் புடவைகளைத் துவைத்து, மடித்து, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சிவப்புப் புடவை அம்மா, “என்னோடது இல்லாமலே நல்லா வந்துச்சா?” என்று கேட்டாராம். அடுத்த பாட்டுக்கு என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

துணிகளில் அயர்ன் செய்தது துறை அலமாரியில் இருக்கிறது. புதுக் குழுவுக்கு முதல் வகுப்பில் அதையும் கட்டிய துணி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டுகிறேன். கடைசி டேக்கில் அவிழ்ந்த ஷால் பாடகியிடம். பாட்டி கையிலிருந்த வெள்ளைத் துணிக்கு நாங்கள் படமெடுத்தபோது பதினொரு வரிசை ஆகியிருந்தது. கேமரா போனபின்பும் அவர் அதை விடவில்லை. போன மாதம் போனபோது நடுப்பகுதி தாண்டி ஓரத்துக்கு வந்திருந்தார்.